தலீம் என்றால் பருப்பு

டெவான் அவென்யூவில் சைவக்காரர்கள் எந்தக் கடையில் சாப்பிடலாம், எந்தக் கடையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைத் தருலதா பரீக்குக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். சிகாகோவில் அந்த ஒரு தெருவில் மட்டும் இந்தியக் கடையும் பாகிஸ்தான் கடையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு கடையில் ஜிலேபி பிழிந்தால் அடுத்த கடையில் சீக் கபாப் புகையும். இந்தப் புகைக்கு நடுவே தாளித்த பருப்பைத் தேடி வருகிற குஜராத்திப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி வேண்டாமா? தருபென் இருந்தாள், எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் மாதாமாதம் பத்துக்கு இத்தனை என்று ஒவ்வொரு கடைக்கும் மதிப்பெண் போடுவாள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட அவ்வளவு கறாராகப் போட மாட்டார்.

அவளுடைய அளவுகோல்களே தனி. சமோசா பொரிக்கிற எண்ணெயில் கோழியும் குளித்ததா? ரொட்டி சுடுகிற தந்தூர் அடுப்பில் இறைச்சிக் கம்பியும் இறங்குகிறதா? கொண்டைக்கடலைப் புலாவுக்கு ஊற்றியது தண்ணீரா, எலும்பு வெந்த சாறா? இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டு, கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவாள். நம் ஊர்க்காரர் கடை என்றால் அதில் பாதிக் கேள்வி மறந்துபோகும்.

அவள் பட்டியலில் எப்போதும் முதலிடம் ஷாமளாஜி தாளி என்கிற குஜராத்திக் கடைக்குத்தான். பத்துக்கு ஒன்பது. எதிர்ச்சாரியில் இருக்கும் கைர்பூர் ஹவுஸ் என்கிற பாகிஸ்தான் கடைக்கு நாலு. "சைவம் உண்டு, ஆனால் நம்ப முடியாது" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுவாள்.

இதில் கூத்து என்னவென்றால், ஷாமளாஜியின் சாப்பாடு வாயில் வைக்க வழங்காது. அங்கே சாப்பாட்டுப் பட்டியலில் சைவம் முழநீளத்துக்கு இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரே சிவப்புக் குழம்பில் வேறு வேறு காயை மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். பருப்பில் வெல்லத்தைக் கொட்டித் திகட்ட அடிப்பார்கள். கைர்பூர் ஹவுஸில் சைவம் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும். ஆனால் அந்தப் பாகற்காய் வதக்கலுக்கும் வெந்தயக்கீரை உருளைக்கிழங்குக்கும் சொத்தையே எழுதிவைக்கலாம். கடைக்காரி சஜிதா சைவத்துக்கென்று உள்ளே தனி அடுப்பு வைத்திருந்தாள். தனிச் சட்டி, கைப்பிடியில் பச்சை நூல் கட்டிய தனிக் கரண்டி. தருபென்னை ஒருநாள் உள்ளே அழைத்துப்போய் அத்தனையையும் காட்டியிருக்கிறாள்.

தருபென் செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே போய், கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சஜிதா வைத்ததை வழித்துச் சாப்பிட்டுவிட்டு வருவாள். சாப்பாட்டுப் பட்டியலை விரித்துப் பார்க்கிற வேலையே கிடையாது. யாராவது பார்த்துக் கேட்டால் ரொட்டி வாங்க வந்தேன் என்பாள். புருஷன் கீர்த்திபாய்க்கும் அதே பதில்தான். ஊருக்கு முன்னால் நாலு மதிப்பெண், மறைவில் இரண்டாம் தடவைச் சோறு. அப்போது அது அவளுக்கு வெட்கமாகப் படவில்லை, சாமர்த்தியமாகப் பட்டது.

அந்த வசந்தத்தில் குஜராத்திலிருந்து, நடியாதிலிருந்து சம்பந்தி வந்திருந்தாள். மருமகளின் தாய், இலாபென். அதிர்ந்து பேசாதவள். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. ஆனால் அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டாள். தருபென் அவளை ஷாமளாஜிக்கே திரும்பத் திரும்ப அழைத்துப்போனாள். ஒரு வாரம் பொறுத்த இலாபென் சிரித்துக்கொண்டே, "இதைத்தானே நான் வீட்லயும் சாப்பிடறேன். இவ்வளவு தூரம் வந்ததுக்கு வேற ஏதாவது கண்ணுல காட்டுங்களேன்" என்றாள்.

விடுவாளா தருபென்? இந்தத் தெருவே தன் கைக்குள் என்று சம்பந்திக்குக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் கைர்பூர் ஹவுஸுக்குக் கிளம்பினாள். கூடவே பானுபென்னும் வந்தாள். பானுபென் அந்த வாட்ஸ்அப் குழுவின் முரசு. அவள் காதில் போட்டது மாலைக்குள் ஊரைச் சுற்றிவிடும்.

தொழுகை முடிந்து வந்த கூட்டத்தில் கடை நிரம்பி வழிந்தது. சஜிதா உள்ளே அடுப்படியில் இருந்தாள். பானுபென் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தாள். இலாபென் கை கழுவப் போனாள். அந்த நேரம் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பரிமாறுகிறவர் அஷ்ஃபாக் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நடுவயதுக்காரர், மெதுவான பேச்சு.

பட்டியலைக் கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவோமே என்று தருபென் சுவரைப் பார்த்தாள். அங்கே வெள்ளிக்கிழமை விசேஷம் என்று போட்டு, கீழே தலீம் என்று எழுதியிருந்தது. பக்கத்து மேசைகளிலெல்லாம் கிண்ணம் கிண்ணமாக அதுதான். பொன்னிறமாக, குழைவாக, மேலே வறுத்த வெங்காயமும் இஞ்சிச் சீவலும் தூவி. பருப்புக்கு அவர்கள் பாஷையிலும் இவள் பாஷையிலும் தால்தான். தால் என்றால் பருப்பு, தலீம் என்றால் பெரிய பருப்பு. இதற்கு அகராதியா வேண்டும்?

"மூணு தலீம் கொண்டு வாங்க" என்றாள்.

அஷ்ஃபாக் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், தயங்கினார். பாஜி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்.

"பாஜி, தலீமா? அது என்னன்னு தெரியுமில்ல? அதுல..."

"பாய், நீங்க கடைக்குப் புதுசா? நான் எத்தனை வருஷமா இங்க சாப்பிடறேன்னு உள்ள போய் உங்க முதலாளியம்மாவைக் கேளுங்க. தலீம்னா பருப்பு. எனக்கே சொல்லித் தர வர்றீங்களா? போய்க் கொண்டு வாங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். பொட்டு வைத்தவர்களிலும் அதைச் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கடைக்கு வருகிறார்கள். தெரிந்துதான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்.

கிண்ணங்கள் வந்தன, பானுபென்னும் வந்து சேர்ந்தாள். விருந்தாளி என்று இலாபென் முதலில் எடுத்தாள். ஒரு வாய், இரண்டு வாய். "ரொம்ப நல்லாருக்கு தருபென். பருப்பை இப்படிக் கூடக் கடையலாமா?" என்றாள். தருபென்னுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ராத்திரி முழுக்க வேகவைக்கிற பருப்பு, கோதுமையும் சேரும் என்று வாய்க்கு வந்ததை அளந்தாள். அவளும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். ருசியாக இருந்தது, அதுதான் கொடுமை.

இலாபென் மெல்லுவதை நிறுத்தினாள். விரலை விட்டு வாயிலிருந்து எதையோ எடுத்தாள். நார். வாழை நார் மாதிரி மெலிசாக, பழுப்பாக. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து கை கழுவுமிடத்துக்குப் போனாள். அவள் கொப்பளிக்கும் சத்தம், குமட்டும் சத்தம், திரும்பக் கொப்பளிக்கும் சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. அது என்ன இறைச்சி என்று கேட்க அந்த மேசையில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பானுபென் போட்ட கூப்பாட்டில் சஜிதா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். கிண்ணங்களைப் பார்த்தாள், தருபென்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. இது எப்படி இவர்கள் மேசைக்கு வந்தது என்று அஷ்ஃபாக்கைக் கேட்டாள்.

"நான் கேட்டேன் பாஜி. இவங்கதான்..."

அதற்குள் இலாபென் திரும்பி வந்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தருபென்னைத்தான் பார்த்தாள். நீதானே சொன்னாய் என்று அந்தக் கண் கேட்டது போலிருந்தது தருபென்னுக்கு. அந்த நொடியில் தன் பெயர், தன் கௌரவம், தெருவில் தனக்கிருந்த கெத்து எல்லாம் கையைவிட்டு நழுவுவதாகப் பட்டது. நாக்கு முந்திக்கொண்டது.

"இவர் ஒண்ணும் கேட்கல. நான் பருப்புன்னுதான் சொன்னேன். இவர் இதைக் கொண்டாந்து வெச்சார்" என்றாள் இந்தியில். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. சம்பந்தி பக்கம் திரும்பி, குஜராத்தியில், "இவங்க பேச்சை நம்பாதீங்க. மாட்டிக்கிட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. இவங்க புத்தியே இப்படித்தான்" என்றாள்.

சஜிதா இலாபென்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தப்பு எங்களுதுதான் பென். பெரிய தப்பு. எங்களை மன்னிச்சிடுங்க."

அதைச் சுத்தமான குஜராத்தியில் சொன்னாள். சௌராஷ்டிரப் பக்கத்துக் கத்தியவாடி வாசனை அடிக்கிற, வீட்டில் பேசிப் பழகிய குஜராத்தி.

சஜிதாவின் ஆட்கள் மேமன்கள், குஜராத்தில் தோராஜியிலிருந்து கராச்சிக்குப் போன முஸ்லிம்கள் என்று இத்தனை வருஷத்தில் தருபென் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கராச்சிக்காரி என்றால் உருது, அவ்வளவுதான் அவள் கணக்கு. இதே கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்து, வாயில் பாகற்காயை வைத்துக்கொண்டு, போனில் குஜராத்தியில் பேசியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. "சீ, இங்க யார் சாப்பிடுவா? ரொட்டிக்குத்தான் வந்தேன்." "இவங்க கைபட்டதை எப்படி வாயில வைக்கிறது?" எல்லாம் பேசியிருக்கிறாள். சஜிதா அதையெல்லாம் கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி பரிமாறியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் இலாபென் தலைமுழுகினாள். அன்று பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், அவங்கதான் தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களே" என்று தருபென்னுக்கே ஆறுதல் சொன்னாள். தருபென் அந்த ஆறுதலை மென்று விழுங்கினாள்.

பானுபென் சும்மா இருப்பாளா? பருப்பு என்று சொல்லி இறைச்சியைப் பரிமாறினார்கள், கடைக்காரியே ஒத்துக்கொண்டாள் என்று குழுவில் எழுதிவிட்டாள். தருபென், நீங்களே சொல்லுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தருபென் ஆமாம் என்று எழுதி அழித்தாள், இல்லை என்று எழுதி அழித்தாள். கடைசியில் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டாள். ஆமாம் என்பதற்கு அது போதும், பொய் சொன்ன கணக்கிலும் வராது. அப்படித்தான் அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

அதற்கப்புறம் சைவக்காரர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கோயில் விசேஷங்களுக்கு ரொட்டி வாங்குகிறவர்களும் கடையை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கடைக்கு எதிர்ச்சாரியில் காய்கறி வாங்கும்போது தருபென் கண்ணைத் தழைத்துக்கொண்டே நடப்பாள். ஒருநாள் தன்னையறியாமல் நிமிர்ந்து பார்த்தாள். 'சைவம் தனி அடுப்பில்' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காணோம், பசை ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. கையிலிருந்த கத்தரிக்காயை அப்படியே கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"உன் செவ்வாய்க்கிழமை ரொட்டி என்னாச்சு?" என்று கீர்த்திபாய் கேட்டார். வேறு வேலை இல்லையா என்று அவர்மீது எரிந்துவிழுந்தாள். அவர் செய்தித்தாளை மடக்காமலே, "கேட்டது தப்பா? நீ ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறியேன்னு கேட்டேன்" என்றார்.

இலாபென் ஊருக்குத் திரும்பினாள். விமான நிலையத்தில் தருபென்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க கூட இருந்ததால அன்னிக்குச் சமாளிச்சேன்" என்றாள். தருபென்னுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தக் கையையா இவள் பிடித்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. காரில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்து, கீர்த்திபாயை டெவான் முனையில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள்.

கைர்பூர் ஹவுஸில் கூட்டமில்லை. பழக்கத்தில் கால் கடைசி மேசைக்குப் போயிற்று. தன்னைத்தானே பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற கண்ணாடியோர மேசையில் உட்கார்ந்தாள். அஷ்ஃபாக் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "வாங்க பாஜி" என்றார், வழக்கமான மரியாதையோடு. அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

சஜிதா வந்து எதிரில் உட்கார்ந்தாள். தருபென் முதல்முறையாக அவளிடம் குஜராத்தியில் பேசினாள். தலீம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்றாள். இந்தப் பாய் சொல்ல வந்தார், நான்தான் வாயை அடைத்தேன் என்றாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அது ஹலீம், பென். கறியும் கோதுமையும் பருப்பும் சேர்த்துக் கடையறது" என்றாள் சஜிதா. "ஹலீம்ங்கறது அல்லாவோட பேர்ல ஒண்ணு. சாப்பிடற பண்டத்துக்கு அந்தப் பேரான்னு எங்க வீட்டுக்காரருக்கு மனசு கேட்கல. அதான் தலீம்னு எழுதினார். அதைப் பார்த்து நீங்க பருப்புன்னு நினைப்பீங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்லை."

"நீங்க ஏன் தப்பு உங்களுதுன்னு சொன்னீங்க?"

"சம்பந்தி வந்திருக்காங்கன்னு நீங்க போன்ல சொன்னது முன்னாடியே காதுல விழுந்திருந்தது. அவங்க நின்ன நிலையைப் பார்த்தேன். உங்க முகத்தையும் பார்த்தேன். பொண்ணைக் கொடுத்த இடம், எடுத்த இடம்னு எங்களுக்கும் இருக்கில்ல? கடைக்குக் கெட்ட பேர் வந்தா சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்." தண்ணீர் டம்ளரைத் தருபென் பக்கம் நகர்த்தினாள். "புத்தியே இப்படித்தான்னு சொன்னீங்களே, அது மட்டும் இன்னும் போகல."

தருபென் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சஜிதா கையை உயர்த்தித் தடுத்தாள். "என்கிட்ட வேணாம். எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க" என்றாள்.

தருபென் போனை எடுத்தாள். தலீமைக் கேட்டது நான்தான், பரிமாறியவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை, பழியை அவர்மேல் போட்டேன், சஜிதாபென் என் மானத்தைக் காப்பாற்றத் தன்மேல் போட்டுக்கொண்டாள், இத்தனை வருஷமாகச் செவ்வாய்தோறும் இங்கேதான் சாப்பிட்டேன், நாலு மதிப்பெண் போட்டதும் பொய் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். காறித் துப்பட்டும், குழுவை விட்டே தள்ளட்டும். அப்படியாவது இந்தப் பாரம் இறங்கட்டும் என்று காத்திருந்தாள்.

முதல் பதில் பானுபென்னிடமிருந்து வந்தது. "தருபென், உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! ஒரு கடை மூடிடக் கூடாதுன்னு பழியை உங்கமேல போட்டுக்கறீங்களே!" பிறகு மளமளவென்று வந்தன. இந்தக் காலத்தில் இப்படி யார் செய்வார்கள் என்றாள் ஒருத்தி. கண் கலங்கிவிட்டது என்றாள் இன்னொருத்தி. இல்லை, சத்தியமாக நான் சொல்வதுதான் நிஜம் என்று தருபென் மறுபடி எழுதினாள். அதற்குப் பூங்கொத்துகள் வந்தன. கடைக்காரியே தன் வாயால் ஒத்துக்கொண்டதை நாங்கள் மறந்துவிடுவோமா, நீங்கள் எத்தனை மறைத்தாலும் எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். பானுபென் எட்டவிட்டாள் போலிருக்கிறது, விமானத்துக்குக் காத்திருந்த இலாபென்னும் இரண்டு வரி அனுப்பியிருந்தாள். தன் பெண் இப்படிப்பட்ட மாமியாரிடம் வாழ்வதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று.

கடைசியாகப் பானுபென்னே மறுபடி எழுதினாள். இந்த மாதம் கடை எதற்கும் மதிப்பெண் வேண்டாம். தருபென்னுக்குப் பத்துக்குப் பத்து. கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன.

தருபென் போனை சஜிதா பக்கம் தள்ளினாள். சஜிதாவுக்குக் குஜராத்தி எழுத்தும் தெரிந்திருந்தது. நிதானமாகக் கடைசிவரை படித்தாள்.

"நான் பொய் சொன்னப்ப எல்லாரும் உடனே நம்பிட்டாங்க" என்றாள். போனைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தருபென் அந்தக் கண்ணாடியோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் வெட்கமாக இருந்தது, உட்கார்ந்திருக்கவும் வெட்கமாக இருந்தது. அஷ்ஃபாக் வந்து, சாப்பிட ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

"நான் சாப்பிடற மாதிரி என்ன இருக்கு பாய்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அவர் அன்று போலவே தயங்கினார்.

"ரொட்டி இருக்கு பாஜி. வேற ஒண்ணும் இல்ல. அந்த அடுப்பை எடுத்தாச்சு."